துண்டுச் சோலைகளும் நெடுங்கால உடன்பாடுகளும்: வால்பாறை மழைக்காட்டு மீட்பின் வரலாறு

முன்னுரை

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. கோவை மாவட்டத்தின் தென்கோடியில், ஆனைமலைத் தொடரின்மேல், ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் பீடபூமி அது. கவாத்து வெட்டிய தேயிலை ஒரே மட்டமாகப் படர்ந்திருக்க, மலைமடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் கருத்து, உயரம் ஒவ்வாத மரத்திட்டுகள் ஆங்காங்கே நிற்கும். தோட்டத்து மக்களுக்கு அவை சோலைகள். பீடபூமி முழுவதையும் மூடியிருந்த மழைக்காட்டில் மிஞ்சியவை அவ்வளவே.

சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் பறம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் இருக்க, நடுவிலுள்ள இந்தத் துண்டுச் சோலைகளில் பெரும்பாலானவை தேயிலை, காப்பி நிறுவனங்களின் வசம் இருப்பவை. அரசுக் காட்டுக்கு உரிய காவல் இவற்றுக்குக் கிடையாது. காட்டை அழித்து எழுந்த தொழிலின் நிலத்திலேயே காட்டை மீட்க வேண்டிய நிலை இப்படித்தான் ஏற்பட்டது. அம்முயற்சி 2000-ஐ ஒட்டித் தொடங்கி இன்றும் நடந்துவருகிறது. அதன் பின்புலத்தையும் வளர்ச்சியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மழைக்காட்டு மீட்பில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைவிட, உடன்பாடு எத்தனை ஆண்டு தாங்குகிறது என்பதே முதன்மையானது. அந்த உடன்பாட்டில் இன்னும் வலுப்பெறாத தரப்பு தொழிலாளர் சமூகம். இவ்விரண்டுமே கட்டுரையின் வாதம்.

காடு தோட்டமான காலம்

ஆனைமலைக் காட்டின்மீது காலனி அரசின் பார்வை முதலில் விழுந்தது தேக்குக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து வெட்டப்பட்ட தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் தளம்வரை போனது. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரித்துவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. தேக்கு வெட்டு நடந்தது இலையுதிர் காடுகளில். மேட்டிலிருந்த மழைக்காடு அப்போதைக்குத் தப்பியது. 1860-களில் அங்கே நடந்த காப்பி முயற்சிகள் பெரிதாக வேரூன்றவில்லை.

1890-களில் நிலைமை மாறியது. கார்வர் மார்ஷ் முதலான ஆங்கிலத் தோட்டக்காரர்கள் பெருமளவில் காடு வெட்டத் தொடங்கினார்கள். மார்ஷுக்கு வால்பாறைச் சாலையில் கவர்க்கல் அருகே சிலை இருக்கிறது. 1930-களுக்குள் பீடபூமியின் பெரும்பகுதி தேயிலையாகவும் காப்பியாகவும் ஆகிவிட்டது. வெட்டியதும் நட்டதும் திருநெல்வேலி உள்ளிட்ட வறண்ட சமவெளி மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துவந்த மக்கள். குளிரிலும் மலேரியாவிலும் கடனிலும் அவர்கள் பட்ட பாட்டை, தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் ‘ரெட் டீ’ என்ற நாவலாக்கினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. 2013-இல் வந்த ‘பரதேசி’ படத்துக்கும் அதுவே அடிப்படை. காட்டின் அழிவும் மக்களின் அடிமைநிலையும் ஒரே காலத்தில், ஒரே கணக்கேட்டில் நடந்தவை. மீட்பைப் பற்றிப் பேசும்போதும் இவ்விரண்டையும் பிரித்துவிட முடியாது.

விடுதலைக்குப் பிறகும் காட்டின் இழப்பு நிற்கவில்லை. பறம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டத்தின் அணைகள் பள்ளத்தாக்குகளை நீரில் மூழ்கடித்தன. தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுத் தேவைக்காகத் தைல மரங்கள் நடப்பட்டன. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் எங்கும் பரவியது. செங்குத்தான சரிவு, பாறை, ஓடை, ஏலக்காய்க்கான நிழல் எனத் தோட்டத்துக்கு உதவாத, அல்லது மரத்தை விட்டுவைக்க வேண்டியிருந்த இடங்களில் மட்டுமே சோலைகள் எஞ்சின.

மரம் நடுதலும் காடு மீட்டலும்

ஆனைமலைக்கு மீட்பு என்ற எண்ணம் புதியதன்று. 1910-களின் நடுப்பகுதியில் இங்கே வன அலுவலராக வந்த ஹ்யூகோ உட், தேக்குக் காடுகள் வெட்டித் தீர்க்கப்பட்டுவருவதைக் கண்டார். ஆண்டுக்கு இவ்வளவு பரப்பு என்று வரையறுத்து வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுதளிர் விடவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கைத்தடியால் மண்ணில் குழியிட்டுத் தேக்கு விதைகளை ஊன்றிக்கொண்டே நடப்பார் என்பது டாப்சிலிப்பில் இன்றும் வழங்கும் செய்தி. அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

உட்டின் பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அவர் மீட்டது ஒரே மரத்தை. அதுவும் மறுபடி வெட்டுவதற்காக. மழைக்காட்டின் கதை வேறு. இந்த உயரத்து ஆனைமலைக் காட்டைத் தாவரவியலார் வெடிப்பலா, நாங்கு, பாலி ஆகிய மூன்று மரங்களின் பெயரால் அடையாளப்படுத்துகிறார்கள். அந்த மூன்றின் நிழலில் நூற்றுக்கு மேற்பட்ட மரவகைகள் வளர்கின்றன. அவற்றில் பல, விதை உலர்ந்தால் முளைக்காதவை. பல, பறவையும் மரநாயும் பழம் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போட்டால்தான் பரவுபவை. தேக்கை நட ஒரு கைத்தடி போதுமாக இருந்தது. இந்தக் காட்டுக்கு அது போதாது.

துண்டுகளின் மதிப்பு

1990-களில் ஆய்வாளர்களின் கவனம் தோட்டங்களுக்கு நடுவிலிருந்த சோலைகளின்பால் திரும்பியது. ஜி. உமாபதியும் அஜித் குமாரும் ஆனைமலைத் துண்டுகளில் மரவாழ் பாலூட்டிகளைக் கணக்கெடுத்தார்கள். துண்டு சிறுத்துச் சிதையும்போது அவ்விலங்குகளும் அருகுகின்றன என்பதை அவர்களின் ஆய்வு காட்டியது. அதே சமயம், தோட்டத்துச் சோலைகளில் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் வாழ்வதும் பதிவாயிற்று. புதுத்தோட்டம் சோலையில் வாழும் சிங்கவால் குரங்குக் கூட்டம் அவ்வழிச் சாலையில் போவோர் எல்லாரும் அறிந்தது. அவை சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி, துண்டுகளைச் சும்மா விட்டால் மட்டும் அவை தேறிவிடா என்பது. விளிம்பிலிருந்து உண்ணிச்செடி ஏறுகிறது. தோட்டத்திலிருந்து தப்பிய ரொபஸ்டா காப்பி சோலைக்குள் முளைத்துப் பரவுகிறது. பெருங்காட்டிலிருந்து தொலைவிலுள்ள துண்டுக்குப் பெரிய விதைகளைச் சுமந்துவரும் பறவைகள் வருவதும் குறைவு. இத்தகைய இடத்தில் மனிதக் கை தேவைப்படுகிறது. அந்தக் கைக்கு நிலத்தை வைத்திருப்பவரின் அனுமதியும் தேவைப்படுகிறது.

உடன்பாடு

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1996-இல் தொடங்கப்பட்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, 2000-ஐ ஒட்டி வால்பாறையில் இப்பணியைக் கையிலெடுத்தது. திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் அதை முன்னின்று நடத்தினார்கள். நிறுவனங்களின் தரப்பில் தொடக்கத்திலேயே இணைந்தவை டாட்டா காஃபி, பாரி அக்ரோ, இந்துஸ்தான் லீவர் ஆகியவை. பின்னர் வேறு தோட்டங்களும் சேர்ந்தன. அடிப்படைப் புரிதல் எளியது. சோலை நிறுவனத்திடமே இருக்கும். அதை வெட்டுவதில்லை, பயிராக மாற்றுவதில்லை. சிதைந்த இடத்தில் நாட்டு மரங்களை நடுவதற்கு ஆய்வாளர்களை அனுமதிப்பார்கள்.

நிறுவனங்கள் ஏன் இணங்கின? அது தேயிலை விலை விழுந்து தென்னிந்தியத் தோட்டங்கள் தள்ளாடிய காலம். சோலை நிலங்கள் எப்படியும் வருவாய் தராதவை; காப்பதற்குப் பெருஞ்செலவும் இல்லை. வெளிநாட்டுச் சந்தைகளோ, தேயிலை எப்படிப்பட்ட நிலத்திலிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கியிருந்தன. பின்னர் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் இங்கே வந்தபோது, எஞ்சிய காட்டைக் காப்பதும் ஓடைக்கரையை விட்டுவைப்பதும் சந்தை மதிப்புடைய செயல்களாயின. இந்த இணக்கத்தை வெறும் அறமென்றோ வெறும் கணக்கென்றோ சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒத்துப்போன ஒரு தருணத்தைத் தவறவிடாமல் பற்றிக்கொண்டதே இதன் வரலாற்றுச் சிறப்பு.

நாற்றங்காலின் காலக்கணக்கு

பணியின் இதயம் நாற்றங்கால். காட்டுக்குள் விதை பொறுக்கினால் அங்கே முளைக்க வேண்டியவை குறைந்துபோகும். அதனால் சாலையோரங்களில் உதிர்ந்து, மிதிபட்டு வீணாகக் கிடக்கும் விதைகளைத் திரட்டுகிறார்கள். எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், எந்த விதை சில நாளில் முளைக்கும், எது மாதக்கணக்கில் படுத்துக்கிடக்கும் என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகித்தான் அறிய முடியும். கருங்குங்கிலியம், காட்டு நாவல், உருத்திராட்சம், வெடிப்பலா என நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வகைகள் இப்படிக் கைவசமாயின.

நடுவதற்குமுன் உண்ணிச்செடியை அகற்ற வேண்டும். ஆனால் அதனடியில் தானாக முளைத்த காட்டுக் கன்றுகளை மிதித்துவிடக் கூடாது. தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஜூன், ஜூலையில் நடவு. பிறகு இரண்டு மூன்று ஆண்டு களையெடுப்பு. இவ்வளவுக்கும் பிறகு எல்லாக் கன்றுகளும் பிழைத்துவிடுவதில்லை. இருபது ஆண்டு உழைப்பில் இப்படிக் கைபட்ட பரப்பு நூறு ஹெக்டேரை ஒட்டியது. ஒரே நாளில் பல இலட்சம் மரக்கன்று என்ற அறிவிப்புகளுக்குப் பழகிய நாட்டில் இது சிறிய எண்ணாகத் தோன்றலாம்.

விளைவோ சிறியதன்று. நடவு செய்த இடங்களையும், தானாக வளரவிட்ட இடங்களையும், நல்ல நிலையிலுள்ள காட்டையும் ஒப்பிட்டு 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நடவு செய்த துண்டுகள் மர அடர்த்தி, வகை எண்ணிக்கை, கரிமச் சேமிப்பு ஆகியவற்றில் தானாக வளர்ந்தவற்றை முந்தி, நல்ல காட்டை நோக்கி நகர்ந்திருந்தன. பெருங்காட்டிலிருந்து விலகிக் கிடக்கும் துண்டுகளில் அந்த நன்மை கூடுதலாக இருந்தது. மழைக்காட்டுப் பறவைகள் திரும்பிவருவதைப் பின்னர் வந்த ஆய்வும் உறுதிப்படுத்தியது. ஆயினும் 2019 ஆய்வில் அளக்கப்பட்ட நடவு இடங்கள் பதினைந்து ஆண்டுக்கு மேற்படாதவையே. வெடிப்பலா முழு மரமாக நிற்க அதைப்போலப் பல மடங்கு காலம் வேண்டும்.

யானையும் குறுஞ்செய்தியும்

சோலைகள் மீண்டால் யானையும் வரும். உண்மையில் அது வராமல் இருந்ததே இல்லை. நடு ஆறு, சோலையாறு ஆகியவற்றின் கரைமரங்கள்வழியே பீடபூமியைக் கடந்துகொண்டுதான் இருந்தது. இருட்டில் நடந்து வீடு திரும்பும் தொழிலாளி, தேயிலைக்கு நடுவே நிற்கும் யானையை அறியாமல் எதிர்ப்பட்டு உயிரிழப்பதே இங்கே நேர்ந்த சாவுகளின் பொதுவான வடிவம். அரிசி வாசத்துக்கு ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும் உடைபட்டன.

எம். ஆனந்த குமார் தலைமையிலான குழு இதற்குச் செய்தியையே வேலியாக்கியது. யானை எங்கே நிற்கிறது என்பது மாலையில் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடியது. 2011-ஐ ஒட்டிக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. தோட்டத்து மேடுகளில், கைப்பேசி அழைப்பில் எரியும் சிவப்பு விளக்குகள் நிறுவப்பட்டன. அவற்றை எரியவிடும் பொறுப்பு உள்ளூர் மக்களிடமே தரப்பட்டது. சாவுகள் குறைந்தன. 2015-இல் ஆனந்த குமாருக்கு விட்லி விருது கிடைத்தது. நிறுவனம் இடம் கொடுத்தது, வனத்துறை தகவல் கொடுத்தது, மக்கள் விளக்கை எரியவிட்டார்கள். வால்பாறையில் கூட்டாண்மை என்ற சொல்லுக்கு முழுப் பொருள் வந்த இடம் இதுவென்று சொல்லலாம்.

கையெழுத்தின் ஆயுள்

2013-இல் நெதர்லாந்தில் வில்லெம் ஃபெர்வெர்டா தொடங்கிய காமன்லேண்ட் அமைப்பு, சீரழிந்த நிலத்தை மீட்கக் குறைந்தது இருபது ஆண்டு, அதாவது ஒரு தலைமுறை, வேண்டுமென்று வலியுறுத்துகிறது. வால்பாறை அந்தக் கணக்கைத் தானாகவே கடந்துவிட்டது. ஆனால் கையெழுத்திட்டவர்கள் அப்படியே இல்லை. இந்துஸ்தான் லீவர் 2000-களின் நடுவில் தோட்டத் தொழிலிலிருந்தே விலகியது. டாட்டா காஃபி 2024-இல் டாட்டா கன்ஸ்யூமர் நிறுவனத்தோடு இணைந்தது. முதல் மூன்று பெயர்களில் இரண்டு, நட்ட கன்று காய்ப்பதற்குள் மறைந்தன அல்லது மாறின.

சட்டமும் குறுகிய காலத்தையே அறியும். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கச் சொல்கிறது. தொடர் திட்டம் என்று அது ஏற்பதற்கோ, தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுதான் எல்லை. மூன்றாண்டில் முடிவது நடவு, மீட்பன்று.

மூன்றாவது தரப்பான தொழிலாளர் சமூகத்தின் நிலை இன்னும் மெலிந்தது. நான்காம், ஐந்தாம் தலைமுறையாகத் தேயிலை பறித்தும் லைன் வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்கு அங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். 2001-இல் ஏறத்தாழ 95 ஆயிரமாக இருந்த வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை 2011-இல் 70 ஆயிரத்தை ஒட்டிச் சரிந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போனார்கள். அவர்களின் இடத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் இலை பறிக்கிறார்கள்.

இந்த நிலையின் முடிவு எப்படியிருக்கும் என்பதை மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் காட்டியது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக்குக் குத்தகை விட்ட 8,373 ஏக்கர் நிலத்தில், குத்தகை முடிவது 2028-இல்தான் என்றாலும், 2024-இலேயே தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு கொடுத்து வெளியேற்றப்பட்டார்கள். காட்டுக்கு நிலம் திரும்பும் நிலை வந்தது. காட்டோடு வாழ்ந்த அறிவு சமவெளிக்கு இறங்கிப் போயிற்று.

முடிவுரை

வால்பாறையின் நூற்று முப்பது ஆண்டு வரலாற்றில் நிலத்தின் தலைவிதியைத் தீர்மானித்தவை காகிதங்கள். காட்டை அழித்தது நீண்டகால நில உரிமை. அதன் நீளமே முதலீட்டுக்குத் துணிவு தந்தது. மீட்பு மட்டும் குறுகிய ஒப்பந்தங்களில், சில மனிதர்களின் விடாப்பிடியில், மேலாளர்களின் நல்லெண்ணத்தில் நடந்துவருகிறது. இருபது ஆண்டுக்குமேல் அது நீடித்திருப்பது வியப்புக்குரியது. அதை நம்பியே இருப்பது சரியன்று.

நிலம் கைமாறினாலும் சோலையைக் காக்கும் கடப்பாடு நிலத்தோடு கூடவே போக வேண்டும். நாற்றங்கால் வேலை மூன்றாண்டுத் திட்டக் கூலியாக இல்லாமல் நிலையான பணியாக வேண்டும். சாலையோரத்து விதையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் தாய்மரம் எந்தச் சோலையில் நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு, ஓய்வுக்குப் பிறகும் அந்த மலையில் குடியிருக்க உரிமை வேண்டும். அன்று கங்காணியின் கணக்கேட்டில் கடனாளியாக எழுதப்பட்டவரின் வழித்தோன்றல்கள், மீட்பின் ஒப்பந்தத்தில் உரிமையாளராக இன்னும் எழுதப்படவில்லை.