மழலையரின் உடலசைவும் ஆசிரியர் பயிற்சியும்: அடையாறு முதல் பாகாயம் வரை

குழந்தை தானாகவே ஓடும், குதிக்கும், ஏறும், விழும். அதைச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் எதற்கு, அந்த ஆசிரியருக்கு ஒரு பயிற்சி வேறு எதற்கு என்று பலரும் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நடைவண்டி, நொண்டி, பாண்டி, அஞ்சாங்கல் எல்லாம் தெருவிலும் திண்ணையிலும் இருந்தவரை அந்தக் கேள்விக்கு அவசியம் இருக்கவில்லை. மூன்று வயதில் எல்.கே.ஜி. பெஞ்சில் உட்காரவைத்துக் கையில் பென்சிலைக் கொடுக்கும் வழக்கம் வந்தபிறகுதான் அவசியம் வந்தது. விரல் பழகுமுன் எழுத்து வந்துவிட்டது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. பலருக்கு அது தெரியாது.

ரோமில் தொடங்கிய கதை

மரியா மாண்டிசோரி இத்தாலி நாட்டு மருத்துவர். 1870ல் பிறந்தவர். அவர் முதலில் கவனித்தது மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை. இட்டார், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைப் படித்தார். தசைக்கும் புலன்களுக்கும் முதலில் பயிற்சி, பாடம் அதற்குப் பின்பு என்பது செகனின் வழி. அதே வழியை மற்றக் குழந்தைகளுக்கும் பயன்படுத்தினால் என்ன என்று மாண்டிசோரி யோசித்தார். 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது.

அடையாறு, 1939

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939 நவம்பரில் மாண்டிசோரி தம் மகன் மரியோவுடன் சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாற்றில் நடந்த முதல் பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தார்கள்.

அங்கே கற்பிக்கப்பட்டவை பார்க்கச் சாதாரணமானவை. சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, ஓசையில்லாமல் நாற்காலியைத் தூக்கி வைப்பது, தரையில் வரைந்த கோட்டின் மேல் தடுமாறாமல் நடப்பது. குமிழ் வைத்த மர உருளைகளைக் குழந்தை மூன்று விரலால் பிடித்துக் குழியில் பொருத்தும். பின்னாளில் பென்சில் பிடிக்கப் போவதும் அதே மூன்று விரல்தான். இவற்றை ஆசிரியர் முதலில் தாமே செய்து பழகவேண்டும். மெதுவாகச் செய்து காட்டவேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு கவனிக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் பெரியவர்களுக்கு மிகவும் கஷ்டம்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசு மரியோவைச் சிறையிலிட்டது. மாண்டிசோரியை அடையாறு வளாகத்துக்குள் இருக்கச் சொன்னது. அவருடைய 70வது பிறந்தநாளன்று மரியோ விடுவிக்கப்பட்டார். பயிற்சி மட்டும் நிற்கவில்லை. 1946ல் அவர் ஐரோப்பா திரும்புவதற்குள் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றிருந்தார்கள்.

பாகாயம் காட்டிய வழி

வேலூரை அடுத்த பாகாயத்தில் இதே எண்ணம் மருத்துவத்தின் வழியாக வந்தது. 1954ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். அவர் முயற்சியால் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966ல் பாகாயத்தில் திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பிறருக்கு எழுந்து நிற்க வழி காட்டியவர் அவர்.

1957ல் தொடங்கிய மனநல மையமும் பாகாயத்தில்தான் இருக்கிறது. அதன் குழந்தைகள் பிரிவான நம்பிக்கை நிலையத்தில் வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் பெற்றோருக்கே பயிற்சி தரப்படுகிறது. ஸ்பூன் பிடிப்பது, சட்டை மாட்டுவது போன்ற ஒவ்வொரு செயலும் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்கப்படுகிறது. செகனிடமிருந்து மாண்டிசோரி எடுத்ததும் இதைத்தான். ஓர் அசைவைப் படிகளாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் ஆசிரியர் ஆகலாம்.

ஏழைக் குழந்தைக்கு?

சான் லொரென்சோவில் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய மாண்டிசோரி முறை, நம் ஊரில் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பள்ளிப் பெயர்ப்பலகையாக மாறிப்போனது ஒரு முரண். ஏழைக் குழந்தைக்குக் கிடைத்தது அங்கன்வாடி. மினா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972ல் தந்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் ஆரம்பமானது. முன்பருவக் கல்வி அதன் சேவைகளில் ஒன்று. ஆனால் சோறு, எடை, தடுப்பூசி, பதிவேடு எல்லாம் முடிந்தபிறகுதான் அங்கன்வாடி ஊழியருக்கு விளையாட்டுக்கு நேரம் கிடைக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குக் காலையில் போகும் தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தையின் பகல்பொழுது பாட்டியிடமோ, அங்கன்வாடியிலோ, காப்பகத்திலோதான் கழிகிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. அந்த 180 நிமிடம் யார் பொறுப்பு?

இதற்கு விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. தரையில் ஒரு சாக்பீஸ் கோடு, இரண்டு சொம்பு தண்ணீர், ஒரு பழைய சட்டையின் பொத்தான் போதும். அவற்றை வைத்து என்ன செய்வது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். அடையாற்றில் அந்த 300 பேர் கற்றது, தெருமுனை அங்கன்வாடி ஊழியருக்கும் எட்டவேண்டும். அவருக்குச் சில நாள் பயிற்சியும், பதிவேட்டைக் கீழே வைக்கச் சிறிது நேரமும் கொடுத்தால், பெரிய செலவில்லாமல் ஒரு தலைமுறையே நிமிர்ந்து நடக்கும்.