எண்மர் படகில் ஒத்திசைவும் நம்பிக்கையும்

எட்டுப் பேர் ஆளுக்கொரு துடுப்பு வலிக்க, ஒன்பதாமவரான காக்ஸ் சுக்கான் பிடித்துச் செலுத்தும் பந்தயப் படகு எண்மர் படகு எனப்படும். ஒலிம்பிக்கில் இதன் பந்தயத் தூரம் 2000 மீட்டர். துடுப்பு வலிப்போர் படகின் பின்முனையைப் பார்த்தே உட்காருவதால், போகும் திசையைக் காண்பவர் காக்ஸ் ஒருவர்தான். அவருக்கு எதிரே அமரும் ஸ்ட்ரோக் தாளத்தை வகுப்பார். மற்ற எழுவரும் அதைப் பின்பற்றுவர்.

இங்கே நம்பிக்கை வெறும் மனநிலை அன்று. படகின் ஓட்டத்திலேயே அதைக் காணலாம். படகின் குறைந்தபட்ச எடை 96 கிலோ. ஆடவர் குழுவின் எடை அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். இருக்கைகள் சிறு தண்டவாளத்தில் முன்பின்னாக நகரும். அடுத்த வலிப்புக்கு முழங்காலை மடக்கி வரும்போது ஒருவர் அவசரப்பட்டால், அவரது உடல் எடை பின்முனைப் பக்கம் மோதிப் படகின் வேகம் குறையும். ஒருவரது கைப்பிடி சற்றே ஏறி இறங்கினாலும் படகு சாயும். சாய்ந்த பக்கத்து நால்வரின் துடுப்புகளும் நீரில் உரசும். பக்கத்தில் இருப்பவர் பிசகுவாரோ என்று பயந்து ஒருவர் தன் வலிப்பை மாற்றினால், ஒரு பிழை இரண்டாகும்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது இரு படகுகளைப் பந்தயம் விட்டு, ஓரிருவரை மட்டும் இடம் மாற்றி, மறுபடி ஓடவிட்டு நேர வித்தியாசத்தைக் கணக்கிடுவார்கள். பயிற்சி எந்திரத்தில் முந்துபவர் படகில் பின்தங்குவதுண்டு. தன் இடத்துக்குப் போட்டியாக இருந்தவரோடு மறுநாளே ஒரே தாளத்தில் வலிக்க வேண்டியிருப்பது எளிதன்று.

குழுவினர் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கைக்கு மிகச் சிறந்த சான்று 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க எண்மர் குழு. அனைவரும் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள். பயிற்சியாளர் அல் உல்பிரிக்சன். ஸ்ட்ரோக் டான் ஹ்யூம் நோயுற்றிருந்ததால் பயிற்சியாளர் அவரை விலக்க நினைத்தார். அவர் இல்லாமல் முடியாது என்று குழுவினர் வற்புறுத்தவே ஹ்யூம் படகேறினார். குரூனாவில் நடந்த இறுதிப் போட்டியில் அவர்களுக்குக் கிடைத்தது காற்றுக்கு இலக்கான ஆறாவது தடம், தொடக்கத்திலேயே பின்தங்கினர். வேகத்தைக் கூட்டுமாறு காக்ஸ் பாப் மாக் கேட்டபோது, ஹ்யூம் தலை தொங்கி, கண் செருகியிருந்தார். பிறகு அவர் தெளிந்து தாளத்தை உயர்த்தினார்; எழுவரும் அப்படியே உயர்ந்தனர். கரையிலிருந்து எழுந்த கூச்சலில் குரல் எடுபடாததால் மாக் படகின் பலகையைத் தட்டியே தாளம் கொடுத்தார். அமெரிக்கா 6 நிமிடம் 25.4 விநாடியில் முதலில் வந்தது, இத்தாலி 0.6 விநாடியும் ஜெர்மனி ஒரு விநாடியும் பின்தங்கின.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2004 ஏதென்ஸ் மகளிர் எண்மர் இறுதியில் ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவர், எல்லைக் கோட்டை எட்டுமுன்பே களைத்துத் துடுப்பு வலிப்பதை நிறுத்தினார். குழு கடைசியாக, ஆறாவது இடத்தில் வந்தது. அவரது களைப்பு உடலைச் சார்ந்ததா, மனதைச் சார்ந்ததா என்று வெளியாட்கள் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. ஆயினும் கரையேறிய பின் குழுவுக்குள் எழுந்த மனக்கசப்பு ஊடகங்களில் வெளிப்பட்டது. அதுவரை ஒரே தாளத்தில் வலித்தவர்களுக்கு அந்தத் தோல்வியைவிட இதுவே பெரிய இழப்பு.