பேட்டையில் நிற்காத வண்டிகள்

பேட்டை என்றாலே சரக்கு வந்து இறங்கும் இடம்தான். எங்க ஊருக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. 1843-ல் சுலோசன முதலியார் கைக்காசு போட்டுத் தாமிரபரணிக்குப் பாலம் கட்டியது மாட்டுவண்டிக் காலத்தில். வண்டி நின்றால் ஊருக்கு வரும்படி: மாட்டுக்கு வைக்கோல், வண்டிக்காரருக்குச் சோறு, படுக்க ஒரு திண்ணை.

இன்றைக்குப் பழையபேட்டையைத் தாண்டித் தென்காசி, புளியரை வழியாகக் கேரளா போகிற ஜல்லி லாரி எதற்கு நிற்கப்போகிறது? நமக்கு மிஞ்சுவது புழுதிதான்.

2018-ல் மத்திய அரசு மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. அச்சின் எடை இரட்டித்தால் சாலைக்கு விழும் அடி சுமார் 16 மடங்கு என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. புறவழிச்சாலை கேட்கிறார்கள், கேட்கட்டும், அதுவும் யாரோ ஒருத்தர் வயல்வழியாத்தான் போகும். நான் கேட்பது குவாரி வாசலிலேயே ஒரு எடைமேடை, லோடு மேல் தார்ப்பாய், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் லாரிக்குத் தடை.