தோட்டத் திடலில் ஒரு திரைப்படக் கழகம்

ஒரு சமுதாயம் எங்கே கூடிற்று, கூடிய இடத்தில் எதைப் பேசிற்று என்பதை அறியாமல் அதன் வரலாற்றை முழுமையாக எழுதிவிட இயலாது. மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்வைப் பற்றி நாம் எழுதியவற்றுள் கங்காணியும் துரையும் உண்டு. கோயிலும் கள்ளுக்கடையும் உண்டு. தமிழ்ப்பள்ளியும் தொழிற்சங்கமும் உண்டு. ஆனால் லயங்களுக்கு நடுவே இருந்த திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளுக்கு ஓரிரு வரிகளே கிடைத்துள்ளன. படம் பார்த்தவர்கள் மறுநாள் தமக்குள் பேசிக்கொண்ட பேச்சுக்கோ அந்த ஓரிரு வரிகளும் இல்லை. அப்பேச்சே நம் மக்கள் கண்ட முதல் திரைப்படக் கழகம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரைப்படக் கழகம் என்றவுடன் நகரத்துப் படித்தவர்களின் அமைப்பே நினைவுக்கு வரும். 1925இல் இலண்டனில் அத்தகைய கழகம் ஒன்று தோன்றியது. 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் வேறு சில நண்பர்களும் சேர்ந்து கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தொடங்கினர். 1957இல் சென்னையிலும் ஒரு கழகம் எழுந்தது. 1959இல் இந்தியக் கழகங்கள் ஒன்றிணைந்து ஒரு சம்மேளனம் கண்டன. அதன் தலைவராக ராய் விளங்கினார். சந்தா செலுத்திச் சேர்வதும், கொட்டகைகளுக்கு வாராத படங்களை வரவழைத்துப் பார்ப்பதும், பார்த்தபின் விவாதிப்பதும் இக்கழகங்களின் நடைமுறை. இவற்றின் சாரம் மூன்று: சேர்ந்து பார்த்தல், பேசித் தெளிதல், நல்லது அல்லது எனத் தீர்ப்புக் கூறல். சந்தாவும் உறுப்பினர் ஏடும் இல்லாவிடினும் இம்மூன்றும் உள்ள இடத்தைக் கழகம் என்று அழைப்பதில் தவறில்லை.

சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய கோலசிலாங்கூர் வட்டாரம் தோட்டத் தொழிலின் வரலாற்றில் தனி இடம் பெற்றது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றியும், உலு சிலாங்கூர் வரையிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. இந்நாட்டில் வாணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாக நடப்பட்டதும் இவ்வட்டாரத்துத் தெனமாரம் தோட்டத்தில்தான், ஆண்டு 1917. அதனை நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே பின்னர் ‘மலேசி’ என்னும் நாவலை எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். அந்நாவலில் தமிழ்த் தொழிலாளரும் வருகின்றனர். ஆயினும் தோட்டத் துரையின் கண்வழியாகவே வருகின்றனர். பிறர் கதையில் நிழலாக நின்ற மக்கள், பிறர் நிழலைத் திரையில் கண்டு தம் கதையைப் பேசத் தொடங்கியதே நாம் ஈண்டு காண வேண்டிய செய்தி.

கூடுவது எளிதாக இருந்த காலமன்று அது. தோட்டம் கம்பெனியின் சொத்து. அங்கே உற்றார் உறவினர் வந்து போவதற்கும் துரையின் தயவு வேண்டியிருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்கின் இது விளங்கும். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் என்பவற்றோடு, பேசவும் கூடவும் உரிமை வேண்டும் என்பதும், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வர வேண்டும் என்பதும், துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் இருந்தன. போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். கூடிப் பேசும் உரிமைக்கு உயிர்விலை கொடுத்த மண் இது. அம்மண்ணில் நூற்றுக்கணக்கானோர் ஓரிடத்தில் அமர்ந்து ஒன்றைப் பார்த்து, அதைப் பற்றி வாய்விட்டுப் பேசினர் என்றால் அது வெறும் பொழுதுபோக்கு ஆகாது.

விந்தை என்னவெனில், அந்த வாய்ப்பைப் பெருக்கியது அரசாங்கமேயாகும். 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. 1948இல் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டு 1960 வரை நீடித்தது. மக்கள் கம்யூனிஸ்டுகளின் பக்கம் சாயாதிருக்க வேண்டும் என்பதற்காக, மின்னாக்கிப் பொறியும் 16 மில்லிமீட்டர் படக்கருவியும் ஏற்றிய வண்டிகள் கம்பங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டன. செய்திப் படங்களுக்குத் தமிழிலும் விளக்கவுரை சேர்க்கப்பட்டது. ஆட்சியின் நோக்கம் பிரச்சாரம். ஆனால் திடலில் பாய் விரித்து அமர்ந்த மக்களின் நோக்கம் வேறு. அவர்கள் காத்திருந்தது தமிழ்ப் படத்திற்காக. திருவிழாக் காலங்களில் தாமே பணம் திரட்டிப் படம் வரவழைக்கும் வழக்கமும் தோட்டங்களில் வளர்ந்தது.

16 மில்லிமீட்டர்ச் சுருள் 1600 அடி ஓடி முடிய ஏறத்தாழ 44 நிமிடம் ஆகும். ஒரே கருவி இருந்த இடத்தில் சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். நகரத்துக் கொட்டகையில் இரு கருவிகள் மாறி மாறி ஓடி இந்த இடைவெளியை மறைத்துவிடும். திடலிலோ அந்த இடைவெளியே விவாதத்தின் வாயிலாயிற்று. “இவன் செய்தது சரியா? அவள் வேறென்ன செய்வாள்?” என்ற கேள்விகள் அப்போதே எழுந்துவிடும். படம் முடிய நள்ளிரவாகும். விடியுமுன் பிரட்டுக்குச் செல்ல வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் ஆதலால், பால்வெட்டு விடியலிலேயே தொடங்கும் தொழில். வெட்டி முடித்துக் கிண்ணங்கள் நிரம்பக் காத்திருக்கும் பசியாறும் வேளையும், பால் நிறுக்கும் இடத்து வரிசையும் விட்ட பேச்சைத் தொடரும் அரங்குகளாயின. கதை வசனப் புத்தகங்களும் பாட்டுப் புத்தகங்களும் கைமாறின. எழுத்தறிந்தவர் படிக்க மற்றவர் கேட்டனர்.

என்ன பேசினர் என்பதற்கு ஒரு படத்தைச் சான்றாகக் கொள்வோம். 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் கதை, இரங்கூனில் வாழும் மூன்று சகோதரர்களையும் மதுரையில் வாழும் தங்கையையும் பற்றியது. போர் மூள்கிறது, குடும்பம் சிதறுகிறது, தாயகம் திரும்பிய இளையவன் வறுமையையும் வஞ்சகத்தையுமே காண்கிறான். தமிழ்நாட்டார் இதனைச் சமுதாயச் சீர்திருத்தப் படமாகக் கண்டனர். கடல் கடந்த தமிழனுக்கோ இது தன் வீட்டுக் கதை. சயாம் மரண இரயில் பாதைக்குத் தந்தையையோ தமையனையோ பறிகொடுத்த குடும்பங்கள் தோட்டந்தோறும் இருந்தன. ஊரில் விட்டுவந்த தங்கைக்குப் பணம் அனுப்பியவர்களும் இருந்தனர். திரும்பிப் போனால் ஊர் நம்மை ஏற்குமா என்ற கேள்வி அவர்களுக்குக் கற்பனையன்று. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமை எடுப்பதா வேண்டாவா என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. 1969ஆம் ஆண்டையொட்டி, குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். இத்தகைய கதைகளைப் பற்றிய பேச்சு, அந்த முடிவைப் பற்றிய பேச்சாகவும் இருந்தது என்று கொள்வதே பொருத்தமாகும்.

இங்கே எழும் மறுப்பையும் நாம் ஒதுக்கலாகாது. திரைப்படம் மக்களை மயக்கிற்று. உழைத்த காசைக் கரைத்தது. நடிகர்களின் பெயரால் இளைஞர்களைக் கட்சி பிரித்தது என்பர். இதில் உண்மை உண்டு. எம்.ஜி.ஆர்., சிவாஜி இரசிகர் பூசல்களை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் கள்ளுக்கடையின் கூட்டத்தையும் திடலின் கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். முன்னது ஆண்களின் கூட்டம். பின்னதில் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் இருந்தனர். ஒரு மாமியாரும் மருமகளும் திரையில் கண்ட மாமியாரைப் பற்றி வாதிட முடிந்தது. தம் வீட்டைப் பற்றிச் சொல்லத் தயங்கியதைப் படத்தின் மேல் ஏற்றிச் சொல்ல முடிந்தது. எதிர்க்கருத்தைக் கேட்டுப் பதில் சொல்லும் பழக்கம் அங்கே வளர்ந்தது. தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டிய நாவுக்கு இது ஒரு பயிற்சிக்களம் எனலாம்.

1963 டிசம்பர் 28இல் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. எண்பதுகளில் ஒளிநாடா வந்தது. படம் திடலைவிட்டு வீட்டுக்குள் புகுந்தது. பார்ப்போர் தொகை கூடியது, சேர்ந்து பார்ப்போர் தொகை குறைந்தது. ரப்பர் அழிந்து செம்பனை பரவியதோடு நிறுவை வரிசைகளும் மறைந்தன. பின்னர் தோட்டங்களே விற்கப்பட்டன. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி போன்ற தோட்டங்களின் மக்கள் வீட்டுரிமை கேட்டுப் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. லயம் போனபோது திடலும் போயிற்று.

எனினும் அப்பேச்சு அடியோடு அற்றுவிடவில்லை. 2005இல் தீபக் குமரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’, படிக்க விழையும் ஒரு தோட்டத்துப் பெண்ணின் கதையைத் திரைக்குக் கொண்டு வந்தது. 2015இல் வெளிவந்த சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் அவலத்தைச் சொல்லி, 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தது. துணியில் விழுந்த அயல்நாட்டு நிழலைப் பார்த்தவர்களின் வழித்தோன்றல்கள் தம் நிழலைத் தாமே பதிவு செய்யத் தொடங்கிவிட்டனர்.

கல்கத்தாக் கழகத்திற்கு ராய் எழுதிய கட்டுரைகள் சான்றாக நிற்கின்றன. நம் திடலுக்கு முதியோரின் நினைவே சான்று. ஐம்பதுகளில் பாய் விரித்து அமர்ந்த சிறுவர் இன்று எண்பதைத் தொடுகின்றனர். எந்தப் படம் வந்தது, யார் அழுதார், யார் எதிர்த்துப் பேசினார், அப்பேச்சால் எந்த வீட்டில் எந்த முடிவு மாறியது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது எழுத்தாளராகிய நம் கடமை. துரைமார் விட்டுச் சென்ற ஏடுகளில் பால் நிறுத்த கணக்கு இருக்கும். அம்மக்கள் நியாயம் நிறுத்த கணக்கு இராது. அதனை நாம்தான் எழுத வேண்டும். காலம் தாழ்த்தாமல் எழுத வேண்டும்.