பண்டிகை இசைப்படங்களின் ஈர்ப்பு: 1944 தீபாவளியும் திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

1940களில் ஹாலிவுட்டில் உருவான கிறிஸ்துமஸ் இசைப்படங்கள் பண்டிகையைக் கதைக்குள் வைத்தன. அதே காலத் தமிழ்த் திரையுலகமோ படத்தைப் பண்டிகை நாளுக்குள் வைத்தது. இவ்வேறுபாட்டை ‘ஹரிதாஸ்’ (1944), ‘நவராத்திரி’ (1964) ஆகிய படங்களின் வழியாகவும், கோவை – திருப்பூர் வட்டாரத்தின் உழைப்பு நாட்காட்டி வழியாகவும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இசைப்படம், தீபாவளி வெளியீடு, ஹரிதாஸ், போனஸ், முதலிபாளையம், புலம்பெயர் தொழிலாளர்

பனியில்லா ஊரில் பனிப்பாட்டு

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டை உள்ளது. அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் டிசம்பரில் விற்பனையாகும் பின்னலாடைகளைத் தைக்கும் வட்டாரம் இது. அவ்வாடைகள் பல மாதங்களுக்கு முன்பே பின்னி, சாயமேற்றி, வெட்டி, தைத்து, செக்கிங் முடிந்து, பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கப்பலேறியாக வேண்டும். ஆகவே, மேலைநாட்டுக் கிறிஸ்துமஸ் இவ்வட்டாரத்தின் பனியன் கம்பெனிகளுக்கு ஒரு வெயில்கால வேலையாகவே வந்து சேர்கிறது.

பருவத்திற்கு முன்பே பண்டிகையை உற்பத்தி செய்யும் இவ்வழக்கம் திரைத்துறைக்கும் புதிதன்று. பிங் கிராஸ்பியும் ஃபிரெட் அஸ்டேரும் நடித்த ‘ஹாலிடே இன்’ 1942 ஆகஸ்டில் வெளிவந்தது. பண்டிகை நாட்களில் மட்டும் திறக்கும் விடுதி ஒன்றே அதன் கதைக்களம். வெண்பனிக் கிறிஸ்துமஸை ஏங்கி நினைக்கும் புகழ்பெற்ற பாடல் அப்படத்தில்தான் இடம்பெற்று ஆஸ்கர் விருதும் பெற்றது. பெரும்பாலும் பாடப்படாமல் விடப்படும் அதன் முன்பகுதி, பனை மரங்கள் நிற்கும் தென்கலிபோர்னியாவில் இருந்துகொண்டு பாடுவதாக அமைந்தது. பனி இல்லாத இடத்தில் நிற்பவரின் பனி ஏக்கம் அது. எழுதியவர் இர்விங் பெர்லின், ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்த யூதர். அவருடைய கைக்குழந்தை 1928ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் இறந்தது. பாடல் புகழ் பெற்ற ஆண்டுகளில் அதைக் கேட்டவர்களுள் கடல் கடந்து போர்முனைகளில் இருந்த படைவீரர்கள் பலர். 1954இல் வெளிவந்த ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ படத்திலும் இதே இன்மைதான் கதையை நடத்துகிறது: பனி பெய்யாததால் ஆளில்லாமல் நொடிந்துபோகும் விடுதியை, அதன் உரிமையாளரான முன்னாள் தளபதிக்காகப் பழைய படைவீரர்கள் மீட்கின்றனர்.

இசைப்படங்கள் ஒரு பொன்னுலகைப் படம்பிடித்துக் காட்டுவதில்லை, பொன்னுலகில் வாழ்ந்தால் எழக்கூடிய உணர்வையே தருகின்றன என்று ரிச்சர்ட் டயர் 1977இல் வாதிட்டார். பற்றாக்குறைக்கு எதிரில் நிறைவும், களைப்புக்கு எதிரில் ஊக்கமும், தனிமைக்கு எதிரில் கூட்டுறவும் வைக்கப்படுகின்றன என்பது அவர் கருத்து. பண்டிகை இசைப்படங்களுக்கு இது நன்கு பொருந்தும். ஆயினும் யாருடைய பற்றாக்குறை என்ற வினாவை இங்கே தவிர்க்க இயலாது. ‘ஹாலிடே இன்’ படத்தில் லிங்கன் பிறந்தநாள் காட்சியில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவராக ஆடுகின்றனர். பிற்காலத் தொலைக்காட்சி ஒளிபரப்புகளில் அக்காட்சி பலமுறை வெட்டப்பட்டது. இல்லம் திரும்பும் இனிமையைப் பேசிய படம் எல்லோரையும் அவ்வில்லத்திற்குள் அழைக்கவில்லை.

1944: இரண்டு படங்கள்

1944 நவம்பரில் வின்சென்ட் மினெல்லி இயக்கிய ‘மீட் மி இன் செயின்ட் லூயிஸ்’ வெளிவந்தது. தந்தையின் பணிமாற்றத்தால் பிறந்த ஊரை விட்டு நியூயார்க்குக்குப் போக நேருமோ என்று அஞ்சும் குடும்பத்தின் கதை அது. கிறிஸ்துமஸ் இரவில் ஜூடி கார்லண்ட் பாடும் பாடலின் முதல் வடிவம் மிகவும் துயரமாக இருப்பதாகக் கருதப்பட்டு, அவருடைய வற்புறுத்தலால் திருத்தி எழுதப்பட்டது. திருத்திய பின்னும் அதில் துயரம் தங்கிவிட்டது. பாடலைக் கேட்கும் சிறுமி ஓடிச் சென்று பனிப்பொம்மைகளை அடித்து நொறுக்குகிறாள்.

அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்பு, 1944 அக்டோபர் 16ஆம் நாள் தீபாவளியன்று ‘ஹரிதாஸ்’ வெளியானது. சுந்தர் ராவ் நட்கர்னி இயக்கிய இப்படம் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. பஞ்சாலைச் செல்வமும் திரைத்தொழிலும் கைகோத்த இடம் அது. 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் முதல் பட்சிராஜா ஸ்டுடியோ வரை நீளும் கொங்குத் திரை வரலாற்றைத் துணித்தொழிலைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. திருப்பூர் அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு.

‘ஹரிதாஸ்’ கதையில் தீபாவளிக்கென்று முதன்மை எதுவும் இல்லை. பெற்றோரைப் புறக்கணித்து, கணிகையின் மோகத்தில் செல்வத்தை இழந்து, கால்களையும் இழந்து, மனந்திருந்திப் பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் மகனின் கதை இது. மகன் பணிவிடையை முடிக்கும்வரை இறைவனே காத்திருக்கிறான். வீடு திரும்புதல் என்ற அடிப்படையில் இப்படமும் மினெல்லியின் படமும் ஒரே வகையைச் சேர்ந்தவை எனலாம். எம். கே. தியாகராஜ பாகவதர் குதிரைமேல் வந்து பாடும் தொடக்கப் பாடலிலேயே ‘திருநாள்’ என்ற சொல் ஒலித்துவிடுகிறது. பாபநாசம் சிவனும் ஜி. ராமநாதனும் தந்த இசையை நாடி வந்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

அந்தத் தீபாவளியின் சூழலையும் இங்கே கருத வேண்டும். 1943இல் துணிக்கும் நூலுக்கும் அரசு கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்திருந்தது. புத்தாடையே அடையாளமான பண்டிகையில் துணி எளிதாகக் கிடைக்கவில்லை. கச்சாப் பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளமும் 11,000 அடிக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடிய முந்தைய படங்கள் பலவற்றோடு ஒப்பிட, ‘ஹரிதாஸ்’ இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்தது. அளவிட்டு வழங்கிய காலத்தில் தடையின்றிக் கிடைத்தது பாட்டு ஒன்றே. டயர் கூறும் ‘நிறைவு’ என்பதைப் பாகவதரின் குரலில் காண்பது மிகையாகாது.

சென்னை பிராட்வே திரையரங்கில் இப்படம் 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளைக் கண்டது. இச்செய்தி சாதனைப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் படத்தின் நாயகன் சிறையில் இருந்தார் என்பது அதனுடன் சேர்த்து எண்ணப்படுவது குறைவு. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்ட வழக்கில் பாகவதரும், அதே படத்தில் நடித்த என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் தண்டனை பெற்று, 1947இல்தான் விடுதலையாயினர். இரண்டாவது, மூன்றாவது தீபாவளிகளில் திரையரங்கிற்குச் சென்றோர் கூண்டுக்குள் இருந்தவரின் குரலைக் கேட்டு மகிழ்ந்தனர். மனந்திருந்தி வீடு சேரும் மகனாக அவரைத் திரையில் கண்ட மக்கள், வீடு சேராத பாகவதரையும் நினைத்திருப்பர். ஹாலிவுட் பாடல்களில் பாடுபவர் பண்டிகைக்கு வெளியே நின்று ஏங்குகிறார். ‘ஹரிதாஸ்’ ஓட்டத்தில் அந்த வெளியிருப்பு கதையில் இல்லை, நடிகரின் வாழ்வில் இருந்தது.

படத்தின் பண்டிகையும் பண்டிகையின் படமும்

ஏ. பி. நாகராஜனின் ‘நவராத்திரி’ 1964 நவம்பர் 3 தீபாவளியன்று வெளியானது. அதே நாளில் சிவாஜி கணேசனின் ‘முரடன் முத்து’வும் வந்தது. வீட்டை விட்டு வெளியேறும் நளினா ஒன்பது இரவுகளில் ஒன்பது ஆண்களைச் சந்தித்து முடிவில் தன் காதலனையே அடைகிறாள். சிவாஜி கணேசன் ஒன்பது வேடங்களிலும், சாவித்திரி நளினாவாகவும் நடித்தனர். நவராத்திரிப் பாடலும் தெருக்கூத்தும் படத்தில் உள்ளன. ஹாலிவுட் பாணியிலான பண்டிகை இசைப்படத்திற்கு இதைவிட நெருக்கமான தமிழ்ப் படத்தைக் காட்டுவது அரிது. எனினும் நவராத்திரியின் பெயரைத் தாங்கிய படம், நவராத்திரி கழிந்து தீபாவளிக்கே திரைக்கு வந்தது. சடங்கின் நாளைவிடச் சந்தையின் நாள் வலுவானது என்பதற்கு இது சான்று.

கொள்கையாலும் அந்நாளை அசைக்க இயலவில்லை. தீபாவளியைச் சுயமரியாதை இயக்கம் கடுமையாக மறுத்தது. திராவிட இயக்கத்தார் பொங்கலைத் தமிழர் திருநாளாக முன்னிறுத்தினர். ஆனால் மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘பராசக்தி’ 1952 அக்டோபர் 17 தீபாவளியன்றுதான் வெளியானது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு திரையரங்கே என்பார் கா. சிவத்தம்பி. அந்தக் கூரையின்கீழ் ஆத்திகரும் நாத்திகரும் ஒரே நாளில் கூடினர்.

ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ (1959) இவ்வாய்வில் விலக்காக நிற்கிறது. அது தீபாவளிக்கு வந்த படமன்று. ஆனால் அதன் தீபாவளிப் பாடல் முதலில் பி. சுசீலாவின் குரலில் மகிழ்ச்சியாகவும், பின்னர் ஏ. எம். ராஜாவின் குரலில் பிரிவுத் துயராகவும் ஒலிக்கிறது. ஜூடி கார்லண்டின் பாடலுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது இது.

போனஸ் என்னும் நாட்காட்டி

தீபாவளி வெளியீட்டை வணிகத் தந்திரமாக மட்டும் பார்ப்பது பரவலான நோக்கு. வணிகம் என்பது உண்மை. அந்த வணிகம் எதன்மேல் நின்றது என்பதே கேள்வி. ஆலைத் தொழிலாளிக்கு ஆண்டில் ஒருமுறை கூலிக்கு மேற்பட்ட பணமும், அதைச் செலவிட விடுமுறையும் சேர்ந்து கிடைக்கும் காலம் தீபாவளி. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் பின்னைய திருத்தங்களுடன் குறைந்த அளவை 8.33 விழுக்காடாகவும் உச்ச அளவை 20 விழுக்காடாகவும் வரையறுத்தது. 8.33 விழுக்காடு என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி. இந்தப் பதின்மூன்றாம் மாதத்தில்தான் புத்தாடையும் பட்டாசும் புதுப்படமும் அடங்கின. 1984இல் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த ஊரில், ஓய்வும் மிகைக்கூலியும் தாமாக வந்தவை அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

திருப்பூர் வட்டாரத்தில் இந்நாட்காட்டி மேலும் சிக்கலானது. ஆயுதபூசையன்று தையல் பொறிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பொரி படைக்கின்றனர். நவராத்திரியின் ஒன்பதாம் நாள் இங்கே பொறியின் நாள். தீபாவளிக்கு ஊர் காலியாகிறது. தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தோர் சிறப்புப் பேருந்துகளில் திரும்புகின்றனர். போனஸ் திருப்பூரில் கைக்கு வருகிறது. படமோ பலருக்குச் சொந்த ஊரின் திரையரங்கில் கிடைக்கிறது. தொலைக்காட்சிகள் பண்டிகைப் பகலைப் புதுப்படங்களால் நிரப்பத் தொடங்கிய பின், திரையரங்கிற்கு அஞ்சி நடந்த இடப்பெயர்ச்சி வீட்டுக் கூடத்தோடு முடிந்தது. ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ போன்றவை ஆண்டுதோறும் திரும்பும் படங்களானதற்கும் தொலைக்காட்சியே காரணம். ஆயினும் அங்கே ஒரே படம் மீள்கிறது; இங்கே ஆண்டுக்கொரு புதுப்படம் அதே இடத்தில் வந்து அமர்கிறது. பேரன் காணும் படம் பாட்டன் கண்டதன்று. ஒன்றாக இருப்பது நாள் மட்டுமே.

முதலிபாளையம் போன்ற இடங்களில் இன்று தைப்பவர்களுள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவர் பலர். தமிழகத் தீபாவளி நரகசதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியலோடு தொடங்குகிறது. வடவர் விளக்கேற்றுவது அமாவாசை இரவில். பீகாரியர் பெரிதாகக் கொண்டாடும் சட் பூசை அந்த அமாவாசைக்கு ஆறாம் நாள் வருகிறது. அதற்குள் பனியன் கம்பெனிகளின் தீபாவளி விடுமுறை முடிந்துவிடுகிறது.