வண்டி மசகும் டீசல் எஞ்சினும்

ஸ்ரீவராகத்தில் வாழும் தமிழன்பர்கள் கிழக்கேகோட்டைக்கு நடந்து சென்று பஸ் ஏறுவதை இன்று ஓர் அதிசயமாக எண்ணுவதில்லை. இந்நகரில் அரசாங்கப் பஸ் ஓடத் தொடங்கியது 1938-இல். அவ்வாண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் பாலராம வர்மா சேவையைத் தொடங்கி வைத்தார். மறுநாளே கன்னியாகுமரிக்கு வண்டி புறப்பட்டது. குமரியும் நாகர்கோவிலும் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை; அவை தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் முதல் தேதியன்றுதான்.

லண்டன் நகரப் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. ஸால்ட்டர் இப்புதிய இலாகாவின் பொறுப்பை ஏற்றார். பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 சாஸிகள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. அவற்றின்மேல் கூடு கட்டும் வேலை அவருடைய மேற்பார்வையில் இங்கேயே நடைபெற்றது. கூட்டை நம் தொழிலாளர் கட்டிவிடலாம். எஞ்சினின் உள்ளுறுப்புகளுக்குக் கடல் கடந்துதான் ஆள் அனுப்ப வேண்டும். ஒன்றரை ஆண்டு கடந்ததும், 1939 செப்டம்பரில், உலகப் போரும் மூண்டுவிட்டது. அதன்பின் கப்பலை நம்பியிருக்க முடியுமா? கையிலிருக்கும் எஞ்சினைக் காப்பதே வழி. அக்காப்பில் முதலிடம் எண்ணெய்க்கு உரியது.

இவ்வித்தை நமக்குப் புதிதன்று. அச்சுக்கு மசகிடாமல் நம் மாட்டுவண்டிக்காரர் நெடுவழி புறப்படமாட்டார். நம் ஆமணக்கெண்ணெயே முதல் உலகப் போரில் விமான எஞ்சின்களுக்கும் மசகாயிற்று. காஸ்ட்ரால் என்ற பெயரும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே. ஆனால் அச்சுக்கு இடும் மசகு உராய்வைத் தணித்தால் போதும். எஞ்சினில் ஊற்றும் எண்ணெய்க்கு வேலை அதிகம். உராயும் பாகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். சூட்டைச் சுமந்து செல்ல வேண்டும். அழுக்கையும் தன்னுள் வாங்கிக்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். பிறகு பேரிங் உருகுவதற்கு நெடுநேரம் ஆகாது.

டீசல் எஞ்சினில் வேறொரு தொல்லையும் உண்டு. எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரி, பிஸ்டன் வளையங்களில் ஒட்டி அவற்றை இறுக்கிவிடும். காட்டர்பில்லர் டிராக்டர்களில் கண்ட இக்குறையைத் தீர்க்க, அமெரிக்காவில் 1935-இல் தூய்மையாக்கும் மருந்து கலந்த எண்ணெய் விற்பனைக்கு வந்தது. அம்மருந்து கரியை ஒட்டவிடாமல் எண்ணெயிலேயே மிதக்க வைக்கிறது. டீசல் எஞ்சினில் ஊற்றிய புது எண்ணெய் சில நாளிலேயே கறுத்துப்போவதன் காரணம் இதுவே. கறுப்பைக் கண்டு எண்ணெய் கெட்டதென்று முடிவு செய்வது தவறு. மாற்ற வேண்டிய காலத்தைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்ப்பதே முறை. அம்முறையிலும் இன்றைய எண்ணெய்கள் பழையவற்றைவிட நெடுந்தூரம் தாங்குகின்றன.

சொந்த வண்டி வைத்திருப்போர்க்கும் இது பொருந்தும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மேலேறிய எண்ணெய் கீழே வடியச் சில நிமிடம் பொறுக்கிறோம். அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் முழுதும் செருகி எடுத்துப் பார்க்கிறோம். இரு குறிகளுக்கிடையே எண்ணெய் நிற்க வேண்டும். மேற்குறியைத் தாண்டி ஊற்றுவது தாராளம் அன்று, தீங்கு. சுழலும் தண்டு அதனைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

எண்ணெய் சிறிது குறைந்திருந்தால் ஊற்றிச் சரி செய்துகொள்ளலாம். ஊற்றாமலே கூடியிருப்பதுதான் பொல்லாத அறிகுறி. டீசல் வாடை அடித்தால் எரிபொருள் உள்ளே ஒழுகுகிறது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அவ்வேளையில் எஞ்சினைக் கிளப்பாமல் மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும்.