திருமணத் திருவழிபாடு: தயாரிப்பு எங்கே தொடங்க வேண்டும்?

திருமணம் பேசப் பங்கு அலுவலகத்திற்கு வருகிற பல குடும்பங்களின் கையில் ஏற்கனவே ஒரு ரசீது இருக்கிறது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய ரசீது. சமையல், பந்தல், புகைப்படம், வேன் எல்லாம் பேசி முடித்த பிறகு, "சாமி, அந்தத் தேதியில காலை பத்து மணிப் பூசை வேணும்" என்று கேட்கிறார்கள். நல்ல மண்டபம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது நமக்கும் தெரியும். அதற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வரிசை தலைகீழாகப் போய்விடுவதால் கோயிலில் நடப்பது மண்டபத்துக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தமாகிவிடுகிறது.

கத்தோலிக்கத் திருமணத்தை உண்டாக்குவது எது? நம் மக்களிடம் கேட்டால் பலரும் "தாலி" என்பார்கள். சிலர் "குருவானவரின் ஆசீர்" என்பார்கள். இரண்டுமே சரியான பதில் அல்ல. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1057-ஆம் எண்ணில், மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்றும், வேறு எந்த மனித அதிகாரமும் அதற்கு ஈடாக முடியாது என்றும் கூறுகிறது. தாயின் கண்ணீரோ தந்தையின் வாக்குறுதியோ பங்குத்தந்தையின் கையெழுத்தோ அந்தச் சம்மதத்தின் இடத்தை நிரப்ப முடியாது. நமது இலத்தீன் வழிபாட்டு முறையில் இந்த அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குபவர்கள் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளும் சாட்சி. மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் அந்த ஒரு நிமிடத்தைச் சுற்றி அமைய வேண்டியவை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தேதி அல்ல, சம்மதம். திருமண விசாரணையின்போது மணமகனையும் மணமகளையும் தனித்தனியே உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறோம். பெற்றோர் வெளியே காத்திருப்பார்கள். "இது என்ன சம்பிரதாயம் சாமி, எழுதிக் கொடுங்க, கையெழுத்துப் போடச் சொல்றோம்" என்பார்கள். அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. யாருடைய வற்புறுத்தலும் இன்றி வந்திருக்கிறாயா, வாழ்நாள் முழுவதற்குமான உறவு என்று அறிந்திருக்கிறாயா, பிள்ளைகளை ஏற்கத் தயாரா, எதையாவது மறைத்திருக்கிறாயா என்ற கேள்விகளுக்கு அந்த அறையில் தரப்படும் பதில்தான் பிறகு பீடத்தின் முன் ஒலிக்க வேண்டும். வற்புறுத்தலாலோ கடுமையான அச்சத்தாலோ தரப்படும் சம்மதம் செல்லாது என்று சட்ட எண் 1103 சொல்கிறது. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தைப் பற்றி எண் 1098 சொல்கிறது. நோயை, கடனை, முந்தைய திருமணத்தை மறைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் எல்லாக் கேள்விக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், வற்புறுத்தல் பற்றிய கேள்வியில் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இங்க இல்லைன்னு சொன்னா, வெளிய இருக்கிற அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா ஃபாதர்?" என்று கேட்டார். காரணத்தை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, விசாரணை முடியவில்லை என்று மட்டும் சொல்வேன் என்றேன். அந்தத் திருமணம் நடக்கவில்லை. அழைப்பிதழ் அச்சாகி இருந்தது. தந்தையார் பல மாதங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆயினும் அந்த அறையில் ஒரு பெண் "இல்லை" என்று சொல்ல முடியாவிட்டால், கோயிலில் அவர் சொல்லும் "ஆம்" என்பதற்கு என்ன பொருள்? பெற்றோரே, அழைப்பிதழ் அச்சடிப்பதற்கு முன் பிள்ளைகளை விசாரணைக்கு அனுப்பிவிடுங்கள். குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே வாருங்கள். மறைமாவட்டத்தின் திருமணத் தயாரிப்புப் பயிற்சியையும் அதற்குள் முடித்துவிடலாம்.

இனி சான்றிதழ்கள். திருமுழுக்குச் சான்றிதழைப் புதிதாக வாங்கி வரச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. முதல் நற்கருணையின்போது வாங்கியதைக் கண்ணாடித்தாள் ஒட்டிப் பத்திரமாக வைத்திருப்பார்கள். காரணம் இதுதான்: ஒருவர் திருமணம் செய்தால் அது அவருடைய திருமுழுக்குப் பதிவேட்டிலும் ஓரத்தில் குறிக்கப்படும். புதிய சான்றிதழில் அந்த ஓரக்குறிப்பும் வரும், பழையதில் வராது. உறுதிபூசுதல் பெறாதவர்கள், பெரிய சிரமம் இல்லையென்றால், திருமணத்துக்கு முன் அதைப் பெற வேண்டும். வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள் அங்குள்ள பங்கிலிருந்தும் மணமாகாதவர் என்ற சான்று கொண்டுவர வேண்டியிருக்கும். அதற்கே வாரங்கள் பிடிக்கும்.

ஓலை வாசிப்பது 1215-ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் திருச்சபை முழுவதற்கும் விதித்த ஒழுங்கு. ஞாயிறு பூசையில் இரு பங்குகளிலும் பெயர்கள் வாசிக்கப்படும்போது, புதுமணத் தம்பதிகளின் பெயரை ஊருக்குச் சொல்வதற்காக என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தடை ஏதேனும் தெரிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் (எண் 1069). தெரிந்தும் வாய்மூடி இருந்துவிட்டு, திருமணம் ஆன பிறகு தெருவில் பேசுவது பிறரன்பு ஆகாது.

நம் நாட்டில் அதிகம் வருகிற தடை இரத்த உறவு. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று நாம் இயல்பாகப் பேசுகிறோம். திருச்சபைச் சட்டம் பக்கவழியில் நான்காம் படிநிலை வரை திருமணத்தைத் தடை செய்கிறது (எண் 1091). படிகளை எண்ணும் முறை எளிது. அத்தை மகளை மணக்க விரும்பும் ஒருவர் தன்னிலிருந்து தன் தந்தைக்கு ஒன்று, தாத்தாவுக்கு இரண்டு, அங்கிருந்து இறங்கி அத்தைக்கு மூன்று, அத்தை மகளுக்கு நான்கு என்று எண்ண வேண்டும். மாமன் மகளும் அப்படியே நான்கு. அக்காள் மகள் என்றால் மூன்று. இவற்றுக்கு ஆயரிடமிருந்து விதிவிலக்கு பெறாமல் நடத்தினால் திருமணம் செல்லாது. விதிவிலக்கு கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று எண்ணி நாள் குறிக்காதீர்கள். உறவை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். உடன்பிறந்தோருக்கு இடையில் எந்த விதிவிலக்கும் இல்லை என்பதை எழுதவே வேண்டியதில்லை.

திருமுழுக்குப் பெறாத ஒருவரை மணப்பதற்கும் ஆயரின் விதிவிலக்கு தேவை (எண் 1086). தென்னிந்தியத் திருச்சபை போன்ற பிற சபையில் திருமுழுக்குப் பெற்றவர் என்றால் தேவைப்படுவது அனுமதி. இரண்டிலும் கத்தோலிக்கர் தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். மற்றவருக்கு இந்த வாக்குறுதி முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சட்டம் சொல்கிறது. கோவையிலும் குமரி மாவட்டத்திலும் சீரோ மலபார், சீரோ மலங்கரா குடும்பங்களோடு சம்பந்தம் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் செய்த திருத்தத்தின்படி, கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவரின் திருமணத்தைத் திருத்தொண்டர் நடத்த முடியாது, குருவானவரே நடத்த வேண்டும்.

உறவில் ஒரு குருவானவர் இருந்தால் அவரே மந்திரிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது நல்ல ஆசைதான். ஆனால் பங்குத்தந்தையோ ஆயரோ அவருக்கு அதிகாரம் வழங்கியிருக்க வேண்டும் (எண்கள் 1108, 1111). பூசை வைக்க எந்தக் குருவானவராலும் முடியும் என்பதால் திருமணத்தையும் நடத்தலாம் என்று நினைத்துவிடுகிறோம். மாமா சாமியாரின் பெயரை அழைப்பிதழில் போட்டால் மட்டும் போதாது, பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதிகாரம் பெற்ற குருவானவரோடு இரண்டு சாட்சிகளும் வேண்டும். சாட்சிகள் சம்மதத்தை நேரில் கேட்டவர்களாக இருக்க வேண்டும். வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட மட்டும் வருகிறவர் எதற்குச் சாட்சி?

நாள் குறிப்பதில் புனித வெள்ளியும் புனித சனியும் முற்றிலும் விலக்கு. தவக்காலத்திலும் திருவருகைக்காலத்திலும் அந்தந்த மறைமாவட்ட ஒழுங்கைக் கேட்டுக்கொள்ளவும். அனுமதி கிடைத்தாலும் ஆடம்பரத்தைக் குறைக்க வேண்டும். ஆடி மாதத்தைத் திருச்சபை தடை செய்யவில்லை, ஆனால் ஆடியில் திருமணம் கேட்டு வருபவர்கள் அபூர்வம்! பூசை நேரம் குறித்த பிறகு, இராகு காலத்துக்கு முன் தாலி ஏறிவிட வேண்டும் என்று உபதேசியாரிடம் இரகசியமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. உபதேசியார் என்னிடம் சொல்லிவிடுவார். மறையுரை வழக்கமான நீளத்திலேயே இருக்கும்.

திருமணம் திருப்பலியில் நடப்பதே இயல்பு; மறையுரைக்குப் பின் திருமணச் சடங்கு வரும். திருமுழுக்குப் பெறாதவரோடு நடக்கும் திருமணம் திருப்பலி இல்லாமல் இறைவார்த்தை வழிபாட்டில் நடைபெறும். வாசகங்களை மணமக்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. திருவருகை, தவக்காலம், பாஸ்கா ஞாயிறுகளில் அந்த நாளின் திருப்பலியே நடக்கும். கானாவூர்த் திருமணமும் பவுல் அடியாரின் அன்பைப் பற்றிய பகுதியும் எல்லாத் திருமணங்களிலும் வாசிக்கப்படுகின்றன. தோபித்து நூல் எட்டாம் அதிகாரத்தையும் பாருங்கள். திருமண இரவில் தோபியாவும் சாராவும் எழுந்து நின்று செபிக்கும் பகுதி அது. மணமக்கள் இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து வாசகத்தைத் தேர்ந்தெடுத்தால், சேர்ந்து விவிலியம் வாசித்த முதல் மாலையாக அது அமையும். பாடல்களைப் பாடகர் குழுவிடம் விடுங்கள். திரைப்பட மெட்டுகள் மண்டபத்துக்கு இருக்கட்டும்.

ஒப்புரவு அருட்சாதனத்தை முந்தைய நாளுக்குத் தள்ளாதீர்கள். அன்று காலை ஒப்பனை முடிந்த பிறகு வந்து நிற்பது இன்னும் மோசம். முந்தைய மாலை அரை மணி நேர ஒத்திகை போதும். அதில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: சம்மத வார்த்தைகளை உரத்துச் சொல்லிப் பழகுங்கள். தாலி கட்டும் நேரத்தில் கோயில் மணி அடிக்கிறது, நாத்தனார் முடிச்சுப் போட நெருங்கி வருகிறார், ஒளிப்படக்காரர்கள் பீடத்தின் மேலேயே ஏறிவிடுகிறார்கள். அதற்குச் சற்று முன், இருவரும் வலக்கரங்களைப் பிடித்துக்கொண்டு வாக்களிக்கும்போது, பாதிப்பேர் இருக்கை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாக்கோடு அவர்கள் கணவன் மனைவி ஆகிவிட்டார்கள். மோதிரமும் தாலியும் அதன் அடையாளங்கள். ஆகையால் ஒலிவாங்கியை மணமக்கள் பக்கம் வையுங்கள். ஒளிப்படக்காரரிடம் எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிச் சொல்வதால் தாலியைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். 1704-இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது என்றது. நம் மக்கள் தாலியை விட்டுவிடவில்லை. சிலுவையும் புறாவும் பொறித்து அணிந்துகொண்டார்கள். உள்ளூர்த் திருமண வழக்கங்களில் நல்லவற்றைக் காக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963-ஆம் ஆண்டுத் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு 77-ஆம் எண்ணில் விரும்பியது. அதற்கு முன்பே அதைச் செய்து காட்டியவர்கள் நம் பாட்டிமார்கள்.

செலவைப் பற்றி நான் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. 2016-இல் வெளியான 'அன்பின் மகிழ்ச்சி' மடலில் திருத்தந்தை பிரான்சிஸ், ஏற்பாடுகளில் பணமும் மகிழ்ச்சியும் கரைந்துபோய் மணமக்கள் களைத்த நிலையில் பீடத்துக்கு வருவதைக் குறிப்பிட்டு, எளிமையாகச் செய்யத் துணியும்படி கேட்டார். வரதட்சணை வேறு விஷயம். 1961 முதல் சட்டம் அதைத் தடை செய்கிறது. பூசைக்கு முந்தைய இரவு வரை பவுன் கணக்குப் பேசுகிற வீட்டில், மறுநாள் மணமகள் தரும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

திருப்பலி முடிந்ததும் மண்டபத்துக்கு ஓடாமல் பதிவேட்டில் நிதானமாகக் கையெழுத்திடுங்கள். திருமுழுக்குப் பெயர் ஒன்றாகவும் ஆதாரில் இருப்பது வேறாகவும் இருந்தால், விசாரணையின்போதே சொல்லி இரண்டையும் எழுதச் செய்யுங்கள். கடவுச்சீட்டில் துணைவர் பெயர் சேர்க்கும்போது ஓர் எழுத்துக்காக அலைகிறவர்கள் ஏராளம். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி, கோயிலில் நடந்த திருமணத்தையும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நாங்கள் உங்கள் திருமுழுக்குப் பங்குகளுக்குத் தகவல் அனுப்பிவிடுவோம். அங்கே ஓரக்குறிப்பு எழுதப்பட்டதா என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.